எழும்பூர் எலியட் துரை

கயிற்று வித்தைக்குப் பரிசு வைத்தவர். கண்ணின் அழுத்தத்தைத் தணிக்க வழி கண்டவர்

1934-ம் ஆண்டு. லண்டன் நகரத்திலிருந்து ஒரு வினோதமான அறிவிப்பு வெளியாயிற்று.

இந்தியாவில் கயிற்று வித்தை என்று ஒன்று உண்டு என மேல்நாட்டார் வெகு காலமாகப் பேசி வந்தார்கள். வித்தைக்காரர் ஒரு கயிற்றை வானத்தை நோக்கி வீசுவாராம். அது கம்பு போல நிமிர்ந்து நிற்குமாம். ஒரு சிறுவன் அதில் ஏறுவானாம். உச்சிக்குப் போனதும் மாயமாய் மறைந்துவிடுவானாம். நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் பலர். செய்து காட்டியவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

அந்த வித்தையைத் திறந்த வெளியில் செய்து காட்டுவோருக்கு 500 கினி பரிசு என்பதே அந்த அறிவிப்பு. வெளியிட்டது, லண்டன் மாயவித்தைக்காரர்களின் சங்கமான மேஜிக் சர்க்கிள் அமைத்த ஒரு குழு. அந்தக் குழுவின் தலைவர் எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு ராணுவ டாக்டர். குழுவின் நிபந்தனைப்படி வித்தையைச் செய்து காட்டிப் பரிசைப் பெற்றவர் கடைசி வரை ஒருவரும் இல்லை.

அந்த டாக்டரின் பெயர் ராபர்ட் ஹென்றி எலியட்.

கண் டாக்டர்களுக்கு அவரைத் தெரிந்தது மாயவித்தையால் அல்ல. சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் அவர் செய்த ஒரு காரியத்தால்தான். அங்கே அவர் கண்டுபிடித்த ஒரு சிறு ஆபரேஷன், உலகமெங்கும் எலியட் ஆபரேஷன் என்ற பெயரோடு பரவியது. கண்ணைத் திருடும் ஒரு நோயைத் தடுத்து நிறுத்த அவர் பட்ட பாடு, இன்று கண் சொட்டு மருந்து போடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பாம்பு விஷம் தேடியவர்

எலியட் 1864-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படித்துத் தேறி, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து நம் நாட்டுக்கு வந்தார். அந்தக் காலத்தில் அப்பணியில் இருந்த டாக்டர்கள் ராணுவப் பதவியும் வகித்தார்கள். எலியட்டும் லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்தார். சென்னை மக்களுக்கு வெள்ளைக்கார டாக்டர்கள் எல்லோரும் துரைகள்தாம். எனவே அவர் எலியட் துரை.

அவர் முதலில் ஆராய்ந்தது கண்ணை அல்ல, பாம்பு விஷத்தை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் விஷம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று சோதித்தார். நம் கடற்கரை மீனவர்கள் நன்கு அறிந்த கடல் பாம்புகளின் விஷத்தையும் ஆராய்ந்தார். இந்தக் கடைசி ஆராய்ச்சியில் அவருக்குத் துணை நின்றவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துப் பேராசிரியர் தாமஸ் பிரேசர். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி 1905-ல் வெளியிட்டது.

பிரேசர் 1841-ல் கல்கத்தாவில் பிறந்தவர். விஷங்களைப் பற்றிய அறிவில் அவருக்கு நிகர் அன்று வெகு சிலரே. கண் நோய்க்கு முதன்முதலில் கிடைத்த அழுத்தம் குறைக்கும் மருந்தின் கதையில் இந்தப் பிரேசருக்கு ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன், நோய் என்ன என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

மதகு அடைத்தால் என்ன ஆகும்?

சேதராப்பட்டு, வில்லியனூர்ப் பக்கத்து மக்களுக்கு ஊசுட்டேரி தெரியும். பாகூர்ப் பக்கத்தாருக்குப் பாகூர் ஏரி தெரியும். ஏரிக்கு நீர் வரத்து உண்டு; போக்கும் உண்டு. வந்துகொண்டே இருந்து, போகும் வழி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நீர் மட்டம் ஏறும். கரையில் எந்த இடம் பலவீனமோ, அந்த இடம் முதலில் கெடும்.

கண்ணும் அப்படித்தான். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இரவும் பகலும் சுரக்கிறது. இது கண்ணீர் அல்ல. கண்ணீர் வெளியே சுரப்பது. இது உள்ளே சுரப்பது. கருவிழித் திரைக்குப் பின்னால் சுரந்து, கண்மணியின் துவாரம் வழியே முன்னால் வந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வழியாக வடிந்து ரத்தத்தில் சேர்கிறது. வரத்தும் போக்கும் சமமாக இருந்தால் கண்ணின் அழுத்தம் சரியாக இருக்கும். பெரும்பாலோருக்கு அது பாதரச அளவில் 10 முதல் 21 மில்லி மீட்டர் வரை.

வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும். கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு புறப்படும் இடம் இருக்கிறது. அதுவே பலவீனமான கரை. அழுத்தம் தாங்காமல் நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். இந்த நோய்க்குத்தான் கிளாக்கோமா என்று பெயர். கண் பிரஷர் என்று ஜனங்கள் சொல்வதும் இதையே. சிலருக்கு அழுத்தம் சாதாரண அளவில் இருந்தும் நரம்பு கெடுவது உண்டு. அவர்கள் நரம்புக்கு அந்த அளவைத் தாங்கும் வலு இல்லை என்று பொருள்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த நோயின் ஒரு வகையில் வலியே கிடையாது. கண் சிவப்பதில்லை. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேரே உள்ளது நன்றாகவே தெரியும். பத்திரிகை படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். ஆனால் சேதராப்பட்டுச் சாலையில் சைக்கிளில் போகும்போது பக்கத்துச் சந்திலிருந்து வரும் மாடு தெரியாது. வாசற்படியின் ஓரம் கால் இடறும். வயதாகிவிட்டது என்று மனிதன் சமாதானம் சொல்லிக்கொள்வான். பார்வை வட்டம் சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போல் ஆன பிறகே டாக்டரிடம் ஓடுவான்.

மற்றொரு வகை திடீரென்று தாக்கும். கண் சிவந்து, மண்டை பிளப்பது போல் வலித்து, வாந்தி வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அது அவசர நோய். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டிலும் ஒரு விதி பொது. செத்த நரம்பு திரும்ப உயிர் பெறுவதில்லை. போன பார்வை போனதுதான். இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம், அவ்வளவே.

குற்றவாளியைக் கண்டுபிடித்த கொட்டை

ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவில், காலபார் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கொடியில் காய்க்கும் கொட்டை கொடிய விஷம். யார் மேலாவது குற்றம் சுமத்தப்பட்டால், அந்தக் கொட்டையைத் தின்னச் செய்வார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்தால் குற்றவாளி. நம் நாட்டில் காய்ச்சிய எண்ணெயில் கைவிடச் செய்த கதைகளைக் கேட்டிருக்கிறோம் அல்லவா? அதைப் போன்றது இது.

அந்தக் கொட்டை பாதிரிமார்கள் மூலம் எடின்பரோவுக்கு வந்தது. 1855-ல் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் அதில் கொஞ்சம் தாமே தின்று பார்த்து, சாவின் விளிம்பு வரை போய் மீண்டார். அவரிடம் படித்தவர்தான் பிரேசர். பட்டத்துக்காக அந்தக் கொட்டையை ஆராய்ந்த பிரேசர், அதன் சத்து கண்ணில் பட்டால் கண்மணியின் துவாரம் சுருங்குவதைக் கவனித்தார். அதே ஊர்க் கண் டாக்டர் ஆர்கைல் ராபர்ட்சன் 1863-ல் தம் கண்ணிலேயே அதை விட்டுப் பார்த்து, உண்மை என்று அறிவித்தார்.

1876-ல் லக்வர் என்ற டாக்டர் அதே சத்தை கிளாக்கோமாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். கண்ணின் அழுத்தம் குறைந்தது. லக்வருக்கே அந்த நோய் இருந்தது என்பது ஆச்சரியமான செய்தி. தமக்கு வந்த நோய்க்கு மருந்து தேடி, உலகத்துக்கே மருந்து தந்தார் அவர். பின்னர் ஆபரேஷனும் செய்துகொண்டார். அந்த மருந்தின் பெயர் ஈசரின். அதே பத்தாண்டில் பிரேசில் நாட்டு இலை ஒன்றிலிருந்து பைலோகார்பின் என்ற இன்னொரு சொட்டு மருந்தும் கிடைத்தது.

விஷமாக வந்தது மருந்தாக மாறிற்று. ஆனால் அந்த மருந்துகளுக்குக் குறைகள் இருந்தன. ஒரு நாளில் பல தடவை விட வேண்டும். கண்மணி சுருங்குவதால் மாலையில் வெளிச்சம் போதாது. இருட்டில் தடுமாற வேண்டும். புருவம் வலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயுள் முழுவதும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊருக்குப் போகும் நோயாளி

எலியட் 1904-ல் சென்னை சர்க்கார் கண் ஆஸ்பத்திரியின் தலைமைப் பதவிக்கு வந்தார். 1819-ல் ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற டாக்டரால் தொடங்கப்பட்ட ஆஸ்பத்திரி அது. ஆசியாக் கண்டத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குக் கண் மருத்துவம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் எலியட்டுடையது.

தென்னாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் அங்கே வந்தார்கள். அவர்களில் பலர் ஏழைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ரயில் ஏறியும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள். கண் நன்றாகக் கெட்ட பிறகே வந்தவர்கள்.

இவர்களுக்கு ஒரு புட்டி மருந்து கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? புட்டி தீர்ந்ததும் அடுத்த புட்டிக்கு எங்கே போவார்கள்? கிராமத்தில் மருந்துக் கடை ஏது? கூலி வேலையை விட்டுவிட்டு மாதா மாதம் சென்னைக்கு வர முடியுமா? மருந்து விட்டும் பார்வை கூடவில்லை என்று சிலர் புட்டியைத் தூக்கி எறிந்துவிடவும் கூடும். மருந்து நல்ல மருந்துதான். ஆனால் நோயாளியின் வாழ்க்கைக்கு அது எட்டவில்லை.

மருந்து சுருக்கமாகத் தீராத இடத்தில் ஆபரேஷன்தான் கதி. ஜெர்மன் டாக்டர் கிரேஃப் 1857-லேயே கருவிழித் திரையில் ஒரு துண்டை வெட்டியெடுக்கும் ஆபரேஷனைக் கண்டிருந்தார். திடீரென்று தாக்கும் வகைக்கு அது நல்ல பலன் தந்தது. வலியில்லாமல் வரும் வகைக்கு அவ்வளவு பலன் தரவில்லை. பிரான்ஸ் நாட்டு லக்ராஞ்ச் என்பவர் 1906-ல் வேறு வழி சொன்னார். கண்ணின் வெள்ளைச் சுவரிலேயே ஒரு சிறு பகுதியை வெட்டியெடுத்து நீர் வடிய வழி செய்யலாம் என்றார். ஆனால் கத்திரியால் சரியான அளவில் வெட்டுவது எல்லோருக்கும் கைவரவில்லை.

எலியட் யோசித்தார். மதகு அடைபட்டுக் கிடக்கிறது. அதைத் திறக்க முடியவில்லை. அப்படியானால் கரையில் அளவான புது மதகு ஒன்று வைத்தால் என்ன?

இரண்டு மில்லி மீட்டர் மதகு

மண்டை ஓட்டில் துளை போட டாக்டர்கள் பயன்படுத்தும் வட்டத் துளைக்கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் டிரிஃபைன். அதை மிக மிகச் சிறியதாகச் செய்து, விரல்களுக்கு நடுவே உருட்டும்படி வைத்துக்கொண்டார் எலியட்.

ஆபரேஷன் இப்படி நடக்கும். கண்ணின் வெள்ளையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை மேல் இமைப் பக்கத்தில் திரை போல் உரித்து மடக்குவார். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் துளைக்கருவியை வைத்து மெதுவாக உருட்டுவார். சுமார் இரண்டு மில்லி மீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் துளை விழும். பிறகு சவ்வை முன்போல மூடிவிடுவார். உள்ளே தேங்கிய நீர் அந்தத் துளை வழியாகக் கசிந்து, சவ்வின் அடியில் பரவி, உடம்பிலேயே கலந்துவிடும். அழுத்தம் இறங்கும்.

1909-ல் அவர் இதைப் பற்றிய முதல் குறிப்பை வெளியிட்டார். அதே சமயத்தில் கிளாஸ்கோ நகரத்தில் பிரீலண்ட் பெர்கஸ் என்ற டாக்டரும் இதைப் போன்ற முறை ஒன்றைச் சொன்னார். ஆனால் நூற்றுக்கணக்கான கண்களில் செய்து, முறையைத் திருத்தி, 1913-ல் தனிப் புத்தகமாகவே எழுதி உலகத்துக்குக் கொடுத்தவர் எலியட். எழும்பூரில் பிறந்த அந்த ஆபரேஷனை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கற்றுக்கொண்டார்கள். மேல்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு மருத்துவம் வந்துகொண்டிருந்த காலத்தில், சென்னையிலிருந்து மேல்நாட்டுக்கு ஒரு மருத்துவம் போயிற்று. அதற்குக் கண் கொடுத்தவர்கள், பெயர் தெரியாத தமிழ்நாட்டு, ஆந்திர நாட்டு ஏழை நோயாளிகள்.

உடனே தெரிந்த கண்

எலியட்டுக்கு மற்றொரு வழக்கும் இருந்தது. அது கண் குத்தும் வைத்தியர்களைப் பற்றியது.

அந்த நாளில் ஊர் ஊராகச் சுற்றும் வைத்தியர்கள் சிலர் கண்புரைக்கு ஒரு சிகிச்சை செய்து வந்தார்கள். கூரிய கருவியால் கண்ணின் பக்கத்தில் குத்தி, வெளுத்துப்போன வில்லையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். நோயாளிக்கு அந்த நிமிஷமே வெளிச்சம் தெரியும். வைத்தியர் காட்டும் விரல்களை எண்ணிச் சொல்வான். வீட்டார் மனம் குளிர்ந்து பணம் கொடுப்பார்கள். வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

பிறகுதான் கஷ்டம் தொடங்கும். கண் புண்ணாகும். அழுத்தம் ஏறும். பல கண்கள் முழுக்க அவிந்துபோகும். அப்படிக் கெட்ட கண்களோடு எழும்பூருக்கு வந்தவர்களை எலியட் ஒவ்வொருவராகச் சோதித்துக் கணக்கெடுத்தார். பயனற்றுப்போய் அகற்றப்பட்ட கண்களையும் அறுத்து ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியை 1917-ல் லண்டனில் சொற்பொழிவுகளாகச் சொன்னார், புத்தகமாகவும் வெளியிட்டார்.

அந்தச் சிகிச்சை நம் நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. சுசுருதர் காலத்தில் சொல்லப்பட்ட அந்த முறையை, பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய வைத்தியர்களும் செய்து வந்தார்கள். வேறு வழி தெரியாத காலத்தில் அது பெரிய வித்தை. நல்ல வழி வந்த பிறகும் அதையே செய்வதுதான் தவறு.

எலியட்டின் வாழ்க்கையில் இங்கே ஒரு தொடர்பு தெரிகிறது. கயிற்று வித்தையும் கண் குத்து வித்தையும் அவருக்கு ஒரே மாதிரிக் கேள்வியை எழுப்பின. பார்த்தவர்கள் சொல்வது போதுமா? அடுத்த நாள் என்ன ஆயிற்று என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? உடனே தெரியும் அதிசயத்தை அவர் நம்பவில்லை. நாள் கழித்தும் நிலைத்து நிற்பதையே நம்பினார்.

துளையின் குறை

அந்த அளவுகோலை அவருடைய ஆபரேஷன் மீதும் காலம் வைத்துப் பார்த்தது.

துளைக்கு மேலே இருந்த சவ்வு சில கண்களில் நாளடைவில் மிகவும் மெலிந்தது. மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூட அதன் வழியே கிருமி உள்ளே புகுந்து கண்ணைக் கெடுத்தது. சில கண்களில் நீர் அளவுக்கு மேல் வடிந்து கண் தளர்ந்தது. ஆபரேஷன் செய்த பிறகும் நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று ஆயிற்று. ஒரே தடவையில் முடிந்துவிடும் வைத்தியம் என்று எதை நினைத்தார்களோ, அதற்கும் பின்தொடரும் கவனம் தேவைப்பட்டது.

1968-ல் கேம்பிரிட்ஜ் டாக்டர் கெய்ர்ன்ஸ், துளைக்கு மேல் வெள்ளைச் சுவரிலேயே ஒரு கதவு வைத்து மூடும் முறையைக் கூறினார். நீர் கட்டுப்பாடாக வடிந்தது. அதுவே நிலைபெற்றது. எலியட் ஆபரேஷன் ஓய்வு பெற்றது. ஆனால் கண்ணின் சுவரில் புது மதகு வைக்கலாம் என்ற அடிப்படை மாறவில்லை. இன்று செய்யப்படும் ஆபரேஷனும் அந்த வழியில் வந்ததுதான்.

எலியட் 1914-ல் சென்னைப் பதவியை விட்டார். இங்கிலாந்தில் வெப்ப நாட்டுக் கண் நோய்களைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 1920-ல் அதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். கிளாக்கோமாவைப் பற்றியும் தனி நூல் எழுதினார். எழும்பூரில் அவர் பெயரால் ஒரு கண் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. முதுமையில் மாயவித்தைகளின் பின்னால் போய், 1936-ல் காலமானார்.

சொட்டு மருந்தின் காலம்

எலியட் காலத்தில் ஏழைக்கு எட்டாமல் இருந்த சொட்டு மருந்து, அவருக்குப் பின் வளர்ந்தது.

1978-ல் டிமோலால் என்ற சொட்டு மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இது கண்மணியைச் சுருக்குவதில்லை. கண்ணில் நீர் சுரப்பதையே குறைக்கிறது. அதாவது ஏரியின் வரத்தைக் குறைக்கிறது. 1996-ல் லாட்டனோபிராஸ்ட் வந்தது. இது நீர் வடியும் வழியை எளிதாக்குகிறது, போக்கைக் கூட்டுகிறது. ஒரு நாளைக்கு ஒரே தடவை விட்டால் போதும்.

சரி, அழுத்தத்தைக் குறைத்தால் பார்வை உண்மையில் காப்பாற்றப்படுகிறதா? எலியட் உயிரோடு இருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. அதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

2003-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. அழுத்தம் ஒவ்வொரு மில்லி மீட்டர் குறையும்போதும் நோய் முற்றும் அபாயம் சுமார் நூற்றுக்குப் பத்து குறைகிறது என்று அது காட்டியது. 2015-ல் இங்கிலாந்தில் மற்றொரு சோதனையின் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்கு லாட்டனோபிராஸ்ட். மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. சோதித்த டாக்டருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகளில் வெறும் சொட்டு விட்டவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் பார்வை வட்டம் மேலும் சுருங்கியது. மருந்து விட்டவர்களில் அது நூற்றுக்கு 15 பேர்தான்.

இந்த எண்ணிக்கையில் இரண்டு பாடங்கள் உண்டு. மருந்து வேலை செய்கிறது என்பது ஒன்று. மருந்து விட்டும் சிலருக்கு நோய் நகர்கிறது என்பது மற்றொன்று. ஆகவே மருந்து விட்டால் மட்டும் போதாது. டாக்டர் சொன்ன நாளில் போய்க் காட்டவும் வேண்டும். தேவையானால் அவர் மருந்தை மாற்றுவார்; இன்னொன்றைச் சேர்ப்பார்; லேசர் ஒளியால் வைத்தியம் செய்வார்; ஆபரேஷனும் செய்வார்.

வீட்டார் கவனத்துக்கு

சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்த ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவுகள் 2005 முதல் வெளிவந்தன. வலியில்லாத வகை கிளாக்கோமா இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்!

ஆகவே 40 வயது கடந்தவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போது கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. அப்பா அம்மாவுக்கோ, உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும். இது குடும்பத்தில் தொடரும் நோய். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் கண் சோதனை அவசியம்.

கண் அரிப்புக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் சில ஸ்டீராய்டு சேர்ந்தவை. டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் அவையே அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டிமோலால் எழுதும் டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மருந்து விடுவதற்கும் முறை உண்டு. கையைக் கழுவிவிட்டு, கீழ் இமையை மெதுவாக இழுத்து, ஒரு சொட்டு விட்டால் போதும். புட்டியின் நுனி கண்ணில் படக் கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தை விரலால் இரண்டு நிமிஷம் லேசாக அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்து தொண்டைக்குப் போகாமல் கண்ணிலேயே தங்கும். இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவே ஐந்து நிமிஷம் விட வேண்டும்.

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை செய்பவரும், வில்லியனூரில் கடை வைத்திருப்பவரும், பாகூரில் வயல் பார்ப்பவரும் இன்று கண் சோதனைக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. தவளக்குப்பத்தில் 2003-ல் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. மருந்துக் கடைகளும் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. எலியட் காலத்து ஏழைக்குக் கிடைக்காத வசதி இது.

ஆனால் ஒரு குறை அன்று போலவே இன்றும் இருக்கிறது. சொட்டு மருந்து விட்டதும் எதுவும் மாறுவதில்லை. நேற்றுத் தெரிந்ததே இன்றும் தெரியும். அதனால் வீண் செலவு என்று தோன்றும். நேற்றுத் தெரிந்தது இன்றும் தெரிவதுதான் அந்த மருந்தின் பலன் என்பதை மனம் ஏற்க மறுக்கும்.

இங்கேதான் வீட்டாரின் துணை வேண்டும். இரவில் விளக்கேற்றிச் சாப்பாடு முடிந்ததும், தாத்தாவுக்குச் சொட்டு மருந்து விட்டாயிற்றா என்று பேரனோ பேத்தியோ கேட்டால் போதும். புட்டி தீரும் முன்பே அடுத்த புட்டியை வாங்கி வைத்தால் போதும். பேரப்பிள்ளையின் கல்யாணத்தைத் தாத்தா தம் கண்ணாலேயே பார்த்து அட்சதை போடுவார்.